பட்டும் படாமலும்: ஒட்டாத பரப்புகளை அளந்தவர்களின் வரலாறு



உலகப் பற்றில்லாமல் வாழ்பவரைத் தாமரை இலைத் தண்ணீருக்கு ஒப்பிடுவது நம் வழக்கம். நம் நாட்டு மலாய் நண்பர்களோ, எத்தனை அறிவுரை கூறினாலும் மனத்தில் தங்காதவனைப் பற்றி 'பாகாய் மென்சுரா ஆயர் கெ டாவுன் கெலாடி' என்பர். சேம்பிலையில் நீரை ஊற்றியது போல என்பது அதன் பொருள். இரு மொழியினரும் ஏறத்தாழ ஒரே காட்சியைத்தான் கண்டிருக்கின்றனர். ஆனால், அதே தாமரை இலையில் ஒரு சொட்டு எண்ணெயை விட்டுப் பாருங்கள். அது முத்துப் போல் உருண்டு ஓடாது; இலையோடு படிந்து பரவிவிடும். ஆகவே, 'ஒட்டாத இலை' என்று கூறுவதோடு நின்றுவிட முடியாது. எது ஒட்டாத இலை, எந்த அளவுக்கு ஒட்டாத இலை என்று கேட்டாக வேண்டும்.

தொடக்கப்பள்ளி அறிவியலில் நீரை ஈர்க்கும் பொருள், நீரை ஈர்க்காத பொருள் என்று இரண்டு பத்திகள் கொண்ட அட்டவணையை மாணவர்கள் நிரப்புவார்கள். நானும் ஆண்டுதோறும் கரும்பலகையில் அக்கோட்டை வரைகிறேன். இளம் பிள்ளைகளுக்கு அத்தொடக்கம் தேவையே. எனினும், அந்தக் கோட்டின் பின்னால் 200 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட ஒரு வரலாறு இருக்கிறது. ஒட்டும், ஒட்டாது என்னும் இரண்டு சொற்களுக்கு நடுவே எண்களை வைத்து அளந்தவர்களின் வரலாறு அது. நம் சமையலறைச் சட்டியும், எரியும் பெட்ரோலை அணைக்கும் நுரையும், இன்று குடிநீரைப் பற்றி எழுந்துள்ள அச்சமும் அவ்வரலாற்றோடு பிணைந்துள்ளன.

ஒரு மருத்துவரின் கட்டுரை

தாமஸ் யங் இலண்டனில் மருத்துவத் தொழில் செய்தவர். எகிப்தியக் கல்வெட்டு எழுத்துகளைப் படிக்க முயன்றவர்களுள் முன்னோடியும் அவரே. நீர்மங்களின் ஒட்டுந்தன்மை குறித்து அவர் எழுதிய கட்டுரை 1804 டிசம்பரில் அரச கழகத்தில் படிக்கப்பட்டு, 1805இல் அச்சானது. அதில் சமன்பாட்டுக் குறியீடு ஒன்றுகூட இல்லை. முழுவதையும் உரைநடையிலேயே விளக்கினார்.

அவர் கூறியதை நம் பிள்ளைகளுக்குக் கயிறு இழுக்கும் போட்டியாகச் சொல்லலாம். ஒரு தட்டின்மேல் ஒரு துளி இருக்கிறது. துளியின் விளிம்பில் மூன்று இழுவிசைகள் செயற்படுகின்றன. தட்டின் பரப்பு, துளியை வெளிநோக்கிப் பரப்ப இழுக்கிறது. தட்டும் நீர்மமும் சந்திக்கும் இடை எல்லை அதனை உள்நோக்கி இழுக்கிறது. நீர்மத்தின் சொந்தப் பரப்பு இழுவிசையும் துளியைச் சுருக்கப் பார்க்கிறது. இம்மூன்றும் சமன்படும் இடத்தில் துளியின் விளிம்பு தட்டோடு ஒரு கோணத்தை அமைக்கிறது. அதுவே தொடுகோணம். கோணம் சுழியமானால் நீர்மம் முற்றாகப் பரவி நனைக்கும். 90 பாகையைத் தாண்டினால் துளி திரண்டு நிற்கும்.

ஆக, 1805லேயே நனைதல் என்பது ஒரு கோணமாகிவிட்டது. ஆனால் ஒரு தடை இருந்தது. நீர்மத்தின் இழுவிசையை அளக்கலாம், கோணத்தையும் அளக்கலாம். திண்மத்தின் இழுவிசையை நேரடியாக அளக்க வழியில்லை. அத்தடையைச் சுற்றிச் செல்லும் பாதை கிடைக்க ஏறத்தாழ 145 ஆண்டுகள் பிடித்தன.

சமையலறையில் ஓர் ஆய்வுக்கூடம்

ஆக்னஸ் போக்கல்ஸ் 1862இல் பிறந்த ஜெர்மானியப் பெண்மணி. பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு திறவாத காலம் அது. பிரவுன்ஷ்வைக் நகரில் பெற்றோரைப் பேணியபடி வீட்டில் இருந்த அவர், பாத்திரம் கழுவும் நீரில் எண்ணெய்ப் படலம் செய்யும் மாயத்தைக் கவனித்தார். ஒரு தகரத் தொட்டியில் நீரை நிரப்பி, அதன் குறுக்கே நகரும் ஒரு பட்டையை வைத்து, படலத்தை ஒடுக்கியும் விரித்தும் நீரின் பரப்பு இழுவிசை மாறுவதை அளந்தார்.

1891 ஜனவரியில் இயற்பியல் அறிஞர் ரேலி பிரபுவுக்குத் தம் முடிவுகளைக் கடிதமாக எழுதினார். ரேலி அதனைப் புறந்தள்ளாமல் 'நேச்சர்' இதழுக்கு அனுப்பிவைக்க, அவ்வாண்டு மார்ச் மாதம் அது வெளியானது. பின்னாளில் அமெரிக்காவின் இர்விங் லாங்மியூர் அத்தொட்டி முறையை மேம்படுத்தி, ஒரு மூலக்கூறு மட்டுமே தடிப்புள்ள படலங்களை ஆராய்ந்தார். பரப்பு வேதியியல் ஆய்வுக்காக லாங்மியூருக்கு 1932இல் நோபல் பரிசு கிடைத்தது. அதே ஆண்டில், 70 வயதை எட்டிய ஆக்னஸுக்குப் பிரவுன்ஷ்வைக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியது. 'சமையற்கட்டில் என்ன அறிவியல்?' என்று கேட்போருக்கு இதைவிடச் சிறந்த விடை உண்டோ?

இங்கே இரண்டு சொற்களைப் பிரித்தறிய வேண்டும். பஞ்சு நீரைத் தன்னுள் இழுத்துக்கொள்வது உட்கவர்தல். குளிர்பதனப் பெட்டியில் வைத்த கரி, வாடையைத் தன் பரப்பில் பிடித்துவைப்பது பரப்புக் கவர்தல். முன்னதில் பொருள் உள்ளே புகுகிறது. பின்னதில் பரப்பின்மேல் படிகிறது. பின்னதற்குரிய ஆங்கிலச் சொல்லை 1881இல் வழக்குக்குக் கொணர்ந்தவர் ஜெர்மானிய இயற்பியலாளர் ஹைன்ரிக் கைசர். வளிமம் ஒரு பரப்பில் ஒற்றை அடுக்காகப் படியும் முறைக்கு லாங்மியூர் 1918இல் கணக்கு வகுத்தார். பல அடுக்குகளாகப் படிவதற்குப் புரூனவர், எம்மெட், டெல்லர் ஆகிய மூவரும் 1938இல் கணக்கு வகுத்தனர்.

திறந்தும் வளிமம் வராத உருளை

அதே 1938ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள். அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், டூபாண்ட் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் 27 வயது ராய் பிளங்கெட் புதிய குளிரூட்டி வளிமம் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார். டெட்ராஃபுளோரோஎத்திலீன் அடைத்த உருளையைத் திறந்தால் வளிமம் வரவில்லை. ஆனால் உருளையின் எடை குறையவில்லை! அவரும் உதவியாளர் ஜாக் ரெபோக்கும் உருளையை அறுத்துப் பார்த்தனர். உள்ளே மெழுகு போல் வழுவழுப்பான வெண்பொடி இருந்தது. வளிம மூலக்கூறுகள் தாமே கைகோத்து நீண்ட சங்கிலிகளாகி, பாலிமர் ஆகியிருந்தன.

எந்த அமிலமும் கரைக்காத அப்பொருள், போர்க்காலத்தில் அணுகுண்டுத் திட்டத்தின் யுரேனியச் செறிவூட்டலில் அடைப்புகளுக்குப் பயன்பட்டது. அங்கே கையாளப்பட்ட யுரேனியம் ஹெக்சாஃபுளோரைடு மற்ற பொருள்களை அரிக்கவல்லது. 1945இல் 'டெஃப்லான்' என்னும் வணிகப் பெயர் பதிவாயிற்று. பிரான்சில் 1950களில் மார்க் கிரகுவார் அதனை அலுமினியத்தின்மேல் பூசும் வழியைக் கண்டார். அவருடைய மனைவி கொலெட், அதைச் சமையற் சட்டியிலும் பூசலாமே என்று கூறியதாகச் சொல்வர்.

நீரும் எண்ணெயும் இரண்டுமே பரவ மறுக்கும் திண்மம் ஒன்று அறிஞர்களின் கைக்கு வந்துவிட்டது. இனி அதனை அளக்க வேண்டும்.

வரைபடத்தில் ஒரு நேர்கோடு

வில்லியம் சிஸ்மன் 1905இல் பிறந்தவர். 1939இல் வாஷிங்டனில் உள்ள அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். கடற்படைக்கு உயவு எண்ணெய் பெரும் சிக்கலாக இருந்தது. நுண்கருவிகளின் தாங்கிகளில் இட்ட எண்ணெய் மெல்ல மெல்லப் பரவி வெளியேறினால் கருவி தேய்ந்து நின்றுவிடும். எண்ணெய் ஏன் பரவுகிறது, எதன்மேல் பரவாது என்பது அங்கே ஏட்டுக் கேள்வியன்று.

1946இல் பிகலோ, பிக்கெட் ஆகியோருடன் சிஸ்மன் வெளியிட்ட ஆய்வு வியப்பூட்டுவது. சில நீண்ட மூலக்கூறுகளைக் கரைத்த எண்ணெயில் தூய பிளாட்டினத் தகட்டை முக்கி எடுத்தனர். தகடு எண்ணெய் ஒட்டாமல் உலர்ந்தபடி வெளியே வந்தது. ஒரே ஒரு மூலக்கூறு தடிப்புள்ள படலம் அதன்மேல் தானாகவே அணிவகுத்து நின்றிருந்தது. நனைதலைத் தீர்மானிப்பது உள்ளே இருக்கும் உலோகமன்று. வெளிப்புறத்தில் நிற்கும் கடைசி அணுக்களே என்பது புலப்பட்டது.

1950இல் ஃபாக்ஸ் என்பவருடன் சேர்ந்து சிஸ்மன் டெஃப்லானை எடுத்துக்கொண்டார். அவர்கள் தேர்ந்தெடுத்த நீர்மங்களுள் முதன்மையானவை ஹைட்ரோகார்பன்கள். இவை கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே கொண்ட சங்கிலிகள். பெட்ரோலில் இருப்பவையும் இக்குடும்பத்தைச் சேர்ந்தவையே. சங்கிலி நீள நீள, பரப்பு இழுவிசை படிப்படியாகக் கூடும். அவர்கள் கண்ட அளவுகள் சிலவற்றைக் காண்க. இழுவிசை, சென்டிமீட்டருக்கு இத்தனை டைன் என்னும் அலகில் உள்ளது.

16 கார்பன் உள்ள ஹெக்சாடெக்கேன்: இழுவிசை 27.6, தொடுகோணம் 46 பாகை.
10 கார்பன் உள்ள டெக்கேன்: இழுவிசை 23.9, தொடுகோணம் 35 பாகை.
8 கார்பன் உள்ள ஆக்டேன்: இழுவிசை 21.8, தொடுகோணம் 26 பாகை.
6 கார்பன் உள்ள ஹெக்சேன்: இழுவிசை 18.4, தொடுகோணம் 12 பாகை.
5 கார்பன் உள்ள பென்டேன்: இழுவிசை 16.0, முற்றாகப் பரவிவிடும்.

டெஃப்லானும் நனைகிறது! பென்டேன் அதன்மேல் தாராளமாகப் பரவுகிறது. கோணத்தின் கோசைன் மதிப்பை இழுவிசைக்கு எதிரே வரைந்தபோது புள்ளிகள் ஏறத்தாழ ஒரே நேர்கோட்டில் அமைந்தன. கோணம் சுழியமாகும் இடம்வரை கோட்டை நீட்டினால் கிடைக்கும் எண், ஏறத்தாழ 18. அதனை மாறுநிலைப் பரப்பு இழுவிசை என்றார் சிஸ்மன். அந்த எண்ணுக்குக் கீழ் இழுவிசை உள்ள நீர்மம் பரவும், மேலுள்ளது பரவாது. திண்மத்தின் இழுவிசையை நேரே அளக்க முடியாவிட்டாலும், அதன் குணத்தைச் சொல்லும் ஓர் எண் கிடைத்துவிட்டது. யங்கின் தடை சுற்றிக் கடக்கப்பட்டது.

இம்முறையில் பாலிஎத்திலீனுக்கு 31 என்று கண்டனர். ஃபுளோரின் அணுக்கள் மூன்று சேர்ந்த முனைகளை நெருக்கமாக அடுக்கிய படலத்துக்கு வெறும் 6. ஃபுளோரின் தன் எலெக்ட்ரான்களை இறுகப் பற்றியிருப்பதால், பக்கத்தில் வரும் எதனையும் அது வலுவாக ஈர்ப்பதில்லை. இத்தகையவற்றைத் தாழ் ஆற்றல் பரப்புகள் என்பர்.

பெற்றோர்களே, குழம்பு வைத்த நெகிழிப் டப்பாவைக் கழுவும்போது எரிச்சல் அடைந்திருப்பீர்கள். நீரின் இழுவிசை 72. நெகிழியின் எண் 30ஐ ஒட்டியது. ஆகவே நீர் அங்கே திரண்டு நழுவுகிறது. சமையல் எண்ணெயின் இழுவிசையோ 32ஐ ஒட்டியது. அது நெகிழியை ஏறத்தாழ முற்றாக நனைத்துப் படிந்துவிடுகிறது. கண்ணாடிக் கிண்ணம் ஒரே கழுவில் தூய்மையாவதும், நெகிழி முரண்டு பிடிப்பதும் இதனால்தான்.

துளிக்கு முன்னே வரும் ஆவி

இங்கே ஒரு நுட்பமான வினா எழுந்தது. ஹெக்சேன் துளியைத் தட்டில் வைத்தால், துளியிலிருந்து ஆவி எழுந்து சுற்றிலும் பரவும். அந்த ஆவி தட்டின்மேல் படியாதா? படிந்தால், துளி அமர்ந்திருப்பது வெறுந்தட்டின்மேல் அன்று. தன் ஆவியால் முன்னரே பூசப்பட்ட தட்டின்மேல். அவ்வாறு படிந்த படலம் திண்மத்தின் இழுவிசையைக் குறைத்துவிடும் என்பதைப் பேங்கமும் ரசூக்கும் 1937லேயே விளக்கியிருந்தனர். கயிறு இழுக்கும் போட்டியில் ஓர் அணியின் வலு, ஆட்டம் தொடங்குமுன்பே சற்றுக் குறைந்துவிடுகிறது. அந்தக் குறைவைக் கணக்கில் சேர்க்காவிட்டால், கோணத்தைக் கொண்டு திண்மத்தைப் பற்றிச் சொல்லும் முடிவு பிழையாகலாம்.

கண்ணாடி, உலோகம் போன்ற உயர் ஆற்றல் பரப்புகளில் இக்குறைவு பெரிது என்பதில் ஐயமில்லை. டெஃப்லான் போன்றவற்றில் அது புறக்கணிக்கத்தக்கது என்றே சிஸ்மன் குழுவினர் கொண்டனர். 1964இல் பரப்பு விசைகளைப் பற்றி எழுதிய ஃபௌக்ஸும் அவ்வாறே கொண்டார். துளியே பரவாத இடத்தில் ஆவி எப்படிப் படியும் என்பது அவர்களின் எண்ணம். தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஆர்தர் ஆடம்சன் போன்றோர் இதனை எளிதில் ஏற்கவில்லை. அளந்து பார்க்காமல் சுழியம் என்று எழுதலாமா என்பதே வாதம்.

அளந்தனர். டெஃப்லான் பொடியின்மேல் ஹைட்ரோகார்பன் ஆவியைச் செலுத்தி, அழுத்தம் எவ்வளவு குறைகிறது என்று பார்த்தனர். பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியின் மாற்றத்தைக் கொண்டு படலத்தின் தடிப்பைக் கணித்தனர். கண்ணாடி போன்ற பரப்பில் ஆவி முதலிலேயே விரைந்து படியும். டெஃப்லானிலோ முதலில் மிகக் குறைவாகவே படிந்தது. ஆவி நிறைநிலையை நெருங்கும்போதுதான் படிவு வேகமாகக் கூடியது. பரப்போடு உறவாடுவதைவிட மூலக்கூறுகள் தமக்குள் கூடிக்கொள்வதையே விரும்பின. ஆக, படிவு சிறிது, ஆனால் சுழியமன்று. அச்சிறிய அளவை எங்கே கணக்கில் சேர்ப்பது, எங்கே விடுவது என்ற வாதம் அதன்பின்னும் நெடுங்காலம் நீடித்தது.

'பட்டும் படாமலும்' என்று நாம் அன்றாடம் கூறும் தொடரைவிட இந்நிலைக்குப் பொருத்தமான சொல் எனக்குத் தோன்றவில்லை.

பெட்ரோலின்மேல் ஒரு நீர்ப்போர்வை

எரிவது பெட்ரோல் நீர்மமன்று. அதிலிருந்து எழும் ஆவியே. எரியும் பெட்ரோலில் நீரை ஊற்றினால், கனமான நீர் அடியில் தங்கிவிடும். பெட்ரோல் மேலே மிதந்து எரியும். நீரைப் பெட்ரோலின்மேல் மெல்லிய போர்வையாகப் பரப்ப முடிந்தால் ஆவி அடைபடும், தீ அணையும். அதற்கு நீரின் இழுவிசையை 72லிருந்து பெட்ரோலுக்கும் கீழே, 20க்கும் குறைவாக, இறக்க வேண்டும். சோப்பால் இது இயலாது. ஃபுளோரின் சங்கிலி கொண்ட பொருள்களால் இயன்றது.

சிஸ்மன் பணியாற்றிய அதே கடற்படை ஆய்வுக்கூடத்தில் டூவ், ஜப்லான்ஸ்கி ஆகியோர் 3எம் நிறுவனத்துடன் சேர்ந்து 1960களில் இந்நுரையை உருவாக்கினர். 1966இல் காப்புரிமை கிடைத்தது. மறு ஆண்டு ஜூலை 29ஆம் நாள், வியட்நாமுக்கு அப்பால் டோங்கின் வளைகுடாவில் 'ஃபாரஸ்டல்' என்னும் விமானந்தாங்கிக் கப்பலில் தவறிப் பாய்ந்த ஏவுகணையால் எரிபொருள் கொட்டித் தீப்பற்றியது. 134 பேர் மாண்டனர். அதன்பின் புதிய நுரை கடற்படைக் கப்பல்களிலும், உலகெங்கும் விமான நிலையங்களிலும் இடம்பெற்றது. அது காத்த உயிர்களை நாம் மறுக்கலாகாது.

அளக்காமல் விட்டது

ஆனால், நுரை தீயை அணைத்தபின் எங்கே போயிற்று? மண்ணுக்குள் இறங்கிற்று, நிலத்தடி நீரில் கலந்தது. கார்பனும் ஃபுளோரினும் கொண்ட பிணைப்பு மிக உறுதியானது. எதனோடும் சேராத அதே உறுதி, எதனாலும் சிதையாத உறுதியாகவும் ஆயிற்று. அந்நுரையில் இருந்த பிஃபாஸ் என்னும் பொருள் 2009இலும், டெஃப்லான் ஆக்கத்தில் துணைப்பொருளாகப் பயன்பட்ட பிஃபோவா 2019இலும் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்ந்தன. 2019 டிசம்பரில் அமெரிக்கா இயற்றிய சட்டம், இத்தகைய நுரையைப் படைத்துறை படிப்படியாகக் கைவிடுமாறு பணித்தது. 2023இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, பிஃபோவாவை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தியது.

பெற்றோர்கள் இங்கே ஒன்றைப் பிரித்தறிய வேண்டும். சட்டியின்மேல் பூசிய டெஃப்லான் வேறு. அதை ஆக்கும்போது பயன்பட்ட பிஃபோவா வேறு. திண்மமான டெஃப்லான் உடலில் எளிதில் வினைபுரிவதில்லை. ஆயினும் வெறுஞ்சட்டியை அடுப்பில் மறந்து 260 பாகை செல்சியசுக்கும் மேல் சூடேற்றினால் பூச்சு சிதையத் தொடங்கும்; வெப்பம் மேலும் ஏறினால் வரும் புகை நுரையீரலுக்குத் தீங்கு; வீட்டுப் பறவைகளைக் கொன்றுவிடவும் கூடும்.

ஒரு துளி 12 பாகையில் நிற்கிறதா, 26 பாகையில் நிற்கிறதா என்று கண்ணும் கருத்துமாக அளந்த நூற்றாண்டு, அந்தப் பொருள் ஆற்றில் எவ்வளவு சேர்கிறது என்று அளக்கத் தாமதித்தது. ஆவியின் படிவு சிறிதென்பதால் சுழியம் என்று எழுதலாமா என்னும் வினா ஆய்வுக்கூடத்துக்குள் எழுந்தது. அதே வினா ஆய்வுக்கூடத்துக்கு வெளியே மிகத் தாமதமாகவே எழுந்தது. இவ்வரலாற்றில் என்னை மிகவும் சிந்திக்க வைப்பது இதுதான்.

வகுப்பறைக்கு

இதனைத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொண்டு செல்ல விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டா. கண்ணாடி, நெகிழி மூடி, மெழுகு தேய்த்த அட்டை, சேம்பிலை ஆகிய நான்கையும் வரிசையாக வையுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு நீர், ஒரு சொட்டுச் சமையல் எண்ணெய், ஒரு சொட்டுச் சவர்க்கார நீர் விடுங்கள். கைப்பேசியைத் துளியின் மட்டத்துக்குத் தாழ்த்திப் பக்கவாட்டில் படமெடுத்து, அச்சிட்ட படத்தின்மேல் பாகைமானியை வைத்து மாணவர்களே கோணத்தை அளக்கட்டும். எட்டு வயதுப் பிள்ளைக்குப் பாகைமானி கடினமானால், தட்டையானது முதல் உருண்டையானது வரை படங்களை வரிசைப்படுத்தச் சொல்லுங்கள்.

அப்போது இரண்டு பத்தி அட்டவணை போதாது என்பதை அவர்களே கண்டுகொள்வர். ஒரே நெகிழி மூடி நீருக்கு ஒரு பத்தியிலும் எண்ணெய்க்கு மறு பத்தியிலும் போய் நிற்கும். அவ்விடத்தில், 'எதற்கு ஒட்டாது? எவ்வளவு ஒட்டாது?' என்று கேளுங்கள். அதன்பின், சொட்டுகளைத் துடைத்த தாளும் கழுவிய நீரும் எங்கே போகின்றன என்றும் ஒரு கேள்வி கேட்டு வையுங்கள். அதற்கான விடையை வீட்டுப்பாடமாக, பெற்றோரோடு பேசி எழுதிவரச் சொல்லலாம்.

அன்புடன்,
உங்களில் ஓர் ஆசிரியர்